கிலோமீட்டருக்கு இவ்வளவு, வாயைத் திறந்தா எவ்வளவு?

டிஸ்கி: இது பயணக் கட்டுரை இல்லை. போட்டோ கிடையாது. சொந்த ஊர் மேட்டர்ங்கிறதால சவுண்டு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும், பொறுத்துக்கோங்க மக்கா.

தங்கச்சி கல்யாணத்துக்கு எங்க டீம்ல இருந்து ஒரு புனேக்காரர், மனைவியோட இராஜபாளையம் வந்திருந்தார். வைகாசி வெயில். பொதிகை எக்ஸ்பிரஸ்ல காலங்காத்தால இறங்கின கையோட, "இன்னிக்கு முழுக்க எங்களுக்கு ஃப்ரீ, உங்க ஊரைச் சுத்திப் பார்க்கணும்"னு சொல்லிட்டார். எனக்கோ சமையல்காரர், பூக்காரர், பந்தல்காரர்னு மூணு பேரும் மூணு பக்கம் இழுத்துக்கிட்டிருந்த நேரம். சரின்னு ஒரு டிராவல்ஸுக்கு போனைப் போட்டேன். "ஒன் டே பிரைவேட் டூர் சார், கைடோட." கைடு யாருன்னு கேட்டேன். "டிரைவரே கைடு தான் சார், லோக்கல் ஆளு." லிஸ்ட் வாசிச்சார். ஆண்டாள் கோயில், பால்கோவா, செண்பகத்தோப்பு, திருவண்ணாமலை பெருமாள் கோயில், சஞ்சீவி மலை, அய்யனார் கோயில் ஆறு, அப்புறம் இராஜபாளையம் நாய். மொத்தம் ஏழு. நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்படியே குற்றாலத்தையும் சேர்த்துருங்க"ன்னேன். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

ராத்திரி எட்டரைக்கு ரெண்டு பேரும் வந்து இறங்கினாங்க. முகம் பழைய தக்காளி மாதிரி இருந்துச்சு. எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். "நைஸ். நல்ல ஸ்வீட். உயரமான கோபுரம்." அவ்ளோதான். பன்னெண்டு மணி நேரம், இருநூறு கிலோமீட்டருக்கு மேல. நான் பிறந்து வளர்ந்த ஊரைப் பத்தி ஒரு மனுசன் எடுத்துட்டுப் போனது ஒரு ஸ்வீட்டும் ஒரு உயரமும்.

அப்புறம் அந்தம்மா ரெண்டு கேள்வி கேட்டாங்க. "அந்த தேவி கையில எதுக்கு கிளி இருக்கு?" "ஊருக்குள்ள ஒரு லாரியில வெள்ளைத் துணியை உருட்டி உருட்டி ஏத்திட்டிருந்தாங்களே, அது என்ன?" டிரைவர்கிட்ட கேட்டாங்களாம். முதல் கேள்விக்கு "சாமி மேடம்". ரெண்டாவதுக்கு "துணி மேடம்".

கடுப்பாயிட்டேன். வாசல்ல கணக்கு முடிக்க நின்ன டிரைவர் அண்ணன்கிட்ட போய், "என்னண்ணே, கைடுன்னு சொல்லித்தான அனுப்புனாங்க? ஒரு கேள்விக்காவது பதில் சொல்லக்கூடாதா?"ன்னு எகிறினேன். அவருக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். கோபப்படவே இல்லை. பில்லை என் முன்னாடி நீட்டினார். கிலோமீட்டர் இவ்வளவு, டோல் இவ்வளவு, பார்க்கிங் இவ்வளவு, டிரைவர் பேட்டா இவ்வளவு. "தம்பி, இதுல நான் பேசுனதுக்கு எங்க காசு போட்டிருக்கு? நீங்க குற்றாலத்தையும் சேர்த்துக்கிட்டீங்க. நான் வண்டி ஓட்டவா, கதை சொல்லவா?"

நமக்கு வாயடைச்சுப் போச்சு. அன்னிக்கு ராத்திரி முழுக்க அந்த பில்லு தான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. இந்தப் பதிவும் அதைப் பத்தி தான்.

டிரைவரைத் திட்டி ஒரு பதிவு போடுறது ஈஸி. டிராவல்ஸைத் திட்டுறது அதை விட ஈஸி. ஆனா உண்மையான குற்றவாளி நாமதான் சாமிகளா. நாம தூரத்துக்கு காசு குடுக்குறோம், தூரம் கிடைக்குது. ஒருத்தனோட அறிவுக்கு, நாலு பேரு வாழ்க்கையைப் பத்தி அவன் தெரிஞ்சு வச்சிருக்கிறதுக்கு, காசு குடுக்கணும்னு நமக்குத் தோணினதே இல்லை. குடுக்காம, "நம்ம ஊர்ல நல்ல கைடே இல்லைப்பா"ன்னு பீட்டர் விடுறோம். பொட்டி தட்டுறவன் நாலு வரி கோடு எழுதினாலே மணிக்கு இவ்வளவுன்னு கிளையன்ட்டுக்கு பில் போடுற கம்பெனியில உட்கார்ந்துக்கிட்டு இதைச் சொல்றோம்ங்கிறது தான் காமெடி.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். போன வருஷம் ஆறு மாசம் ஜெர்மனியில ஆணி புடுங்கப் போயிருந்தேன். ஒரு லீவுக்கு நாங்க மூணு பேரு கிரீஸ்ல இருக்கிற கோர்ஃபு தீவுக்குப் போனோம். அங்கேருந்து படகு ஏறினா எதிர்க்கரையில அல்பேனியா, சராண்டான்னு ஒரு துறைமுக ஊர். தெற்கு அல்பேனியாவைச் சுத்திக் காட்ட காரோட ஒரு ஆளை ஒரு நாளைக்கு அமர்த்தினோம். மூணே மூணு இடம் தான். புட்ரிண்ட்ங்கிற பழைய கிரேக்க-ரோமானிய நகரத்தோட இடிபாடுகள், நீலக்கண்ணுன்னு பேரு வச்சிருக்கிற ஒரு ஊற்று, கடைசியா கல் ஓடு போட்ட வீடுகள் மலைச்சரிவுல அடுக்கி வச்ச மாதிரி இருக்கிற ஜிரோகாஸ்டர். எழுத்தாளர் இஸ்மாயில் காதரே பிறந்த ஊரும் அதுதான், சர்வாதிகாரி என்வர் ஹோஜா பிறந்த ஊரும் அதுதான். ஹோஜாவோட வீடு இருந்த இடத்துல இன்னிக்கு ஒரு மியூசியம் இருக்கு. அந்த கைடு ரெண்டு பேரு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துல எங்களை நடத்தியே கூட்டிட்டுப் போனார். கதை சொல்லலை, கேள்வி தான் கேட்டார். ஒரே தெருக்காரங்க எப்படி இப்படி ரெண்டு விதமா ஆனாங்கன்னு.

நம்மாளுங்க பழக்கதோஷத்துல "இன்னும் ஒரு பீச்சைச் சேர்த்துக்கலாமா"ன்னு கேட்டோம். "முடியாது. சேர்த்தா எதையும் பார்க்க மாட்டீங்க. இன்னொரு நாள் வாங்க"ன்னுட்டார். பேரம் பேசாம யூரோவை எண்ணிக் குடுத்தோம், மேல டிப்ஸும் வச்சோம். பேர் வாயில நுழையாத ஊர்ல ஒருத்தர் பேசினதுக்கு! சொந்த ஊர்ல ஒருத்தர் பேசாததுக்கு எகிறினவனும் அதே ஆளு தான்.

சரி, எங்க ஊர்ல பேசுறதுக்கு என்ன இருக்குங்கிறீங்களா?

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில எங்க எதிர்வீட்டு சித்தப்பாவைப் பிடிச்சேன். சொந்தம் இல்லை, தெருவுல எல்லாருக்கும் அவர் சித்தப்பா தான். சத்திரப்பட்டியில ரொம்ப வருஷம் தறி வச்சிருந்தவர். புனேக்காரங்களை தன்னோட பழைய மாருதியில ஏத்திக்கிட்டார். மொழிபெயர்ப்புக்கு நான்.

முதல்ல நேரா சத்திரப்பட்டி. இராஜபாளையத்துலேர்ந்து கொஞ்ச தூரம் தான். அந்த வட்டாரமே பேண்டேஜ் துணிக்குப் பேர் போனது. தெருவுக்குள்ள நுழைஞ்சாலே விசைத்தறிச் சத்தம். ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுற அந்த மெல்லிசு துணி இங்கதான் நெய்யறாங்க. இது எனக்கும் தெரியும். ஆனா அதுக்கு மேல ஒண்ணும் தெரியாதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. சித்தப்பா ஒரு டம்ளர்ல தண்ணி வாங்கினார். தறியிலேர்ந்து அப்படியே வந்த துணியில ஒரு துண்டு கிழிச்சு தண்ணியில போட்டார். மிதந்துச்சு. வெளுத்த துணியில ஒரு துண்டு கிழிச்சுப் போட்டார். பொசுக்குன்னு உள்ள போயிருச்சு. "பஞ்சுக்கு மேல இயற்கையாவே ஒரு மெழுகு இருக்கும்மா. அது இருக்கிற வரைக்கும் தண்ணியும் ஏறாது, ரத்தமும் ஏறாது. காய்ச்சி வெளுத்து அந்த மெழுகை எடுத்தாத்தான் இது மருந்துத் துணி. எத்தனை செகண்டுல முங்குதுன்னு பார்த்துத்தான் தரம் சொல்லுவாங்க." அந்தம்மா டம்ளரைக் கையில வாங்கி, தானே இன்னொரு துண்டு கிழிச்சுப் போட்டுப் பார்த்தாங்க. முந்தின நாள் குற்றாலத்துல குழாய்த்தண்ணி அளவுக்கு விழுந்த அருவி முன்னாடி எடுத்த போட்டோவை யாரும் திரும்பப் பார்க்கலை. இந்த டம்ளரை வீடியோ எடுத்து புனேயில இருக்கிற மாமியாருக்கு அனுப்பினாங்க.

"உலகத்துல எவனுக்கு அடிபட்டாலும் நம்ம ஊருக்கு வேலை தம்பி"ன்னார் சித்தப்பா. இதை எப்படி இங்கிலீஷ்ல சொல்றதுன்னு முழிச்சேன்.

அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர். முந்தின நாள் டூர்ல நடை சாத்துற நேரத்துக்குப் போய், ஓட்டமா ஓடி, இருபது நிமிஷத்துல திரும்பியிருக்காங்க. கோபுரத்தைக் காட்டி "தமிழ்நாடு அரசு சின்னம்"னு டிரைவர் சொன்னது மட்டும் ஞாபகம் இருந்துச்சு. அதுவும் பாதிக் கதை தான். பதினோரு நிலை கோபுரம், நூத்தித் தொண்ணூறு அடிக்கு மேல. அது வடபத்ரசாயி கோயில் கோபுரம். சின்னத்துல இருக்கிறது இதுதான்னு தான் பொதுவா எல்லாரும் சொல்றோம், எங்க ஊர்ல கேட்டா அடிச்சே சொல்லுவாங்க. இல்லை, மதுரை மீனாட்சி கோயில் மேற்கு கோபுரம்னு இன்னொரு கட்சி இருக்கு. சின்னத்தை 1949-ல வரைஞ்சவர் ஓவியர் கிருஷ்ணா ராவ். அதே 1949-ல சென்னை மாகாணத்தோட தலைமைக்கு வந்தவர் பூ.ச. குமாரசாமி ராஜா, இராஜபாளையத்துக்காரர். பின்னாடி ஒரிசா கவர்னரா இருந்தவர், தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் குடுத்தவர். இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒருத்தர் சொன்னா கேக்குறவன் காது நிமிரும். சண்டை போடவும் நல்லா இருக்கும். புனேக்காரர் மதுரைக் கட்சியில சேர்ந்துட்டார், சித்தப்பாவுக்கு மகா கோபம்.

கிளி விஷயத்துக்கு வர்றேன். ஆண்டாளோட இடது கையில இருக்கிறது தங்கக் கிளி இல்லை, கல் கிளி இல்லை. இலைக் கிளி. மூக்குக்கு மாதுளம்பூ. தினமும் புதுசா செய்யணும், அதுக்குன்னே இருக்கிறவங்க மணிக்கணக்கா உட்கார்ந்து செய்யறாங்க. இன்னிக்குச் செஞ்ச கிளி நாளைக்கு இல்லை. அவ சூடிக் களைஞ்ச மாலை தான் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு திருப்பதிக்குப் போகுது. சித்திரையில கள்ளழகர் வைகையில இறங்குறப்போ சாத்திக்கிறதும் அவ மாலை தான். கோயிலுக்குள்ளயே ஒரு கிணறு இருக்கு, மாலையைச் சூடி அவ முகம் பார்த்ததா சொல்ற கண்ணாடிக் கிணறு. மாலை, கிளி, கிணறுன்னு மூணையும் கோத்துச் சொல்ல அரை மணி நேரம் போதும். சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும், அவருக்கு அந்த அரை மணி நேரத்துக்குக் கூலி வேணும்.

"கோயிலுக்கு எதுக்கு கைடு, பக்தி இருந்தா போதாதா"ன்னு ஒரு குரூப் கிளம்பும். பக்தியோட வர்றவங்க வரட்டும், வேண்டாம்னு யார் சொன்னா? ஆனா பக்தியும் இல்லாம, விளக்கமும் இல்லாம, கார்லேர்ந்து இறங்கி செல்ஃபி எடுத்துட்டு பால்கோவா கடைக்கு ஓடுற கூட்டத்தை நாமதானே தயார் பண்ணி அனுப்புறோம்? பால்கோவாவையாவது ஒழுங்கா காட்டுறோமா? 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பண்டம். விறகடுப்புல பால் சுண்டுறதைப் பக்கத்துல நின்னு பார்த்துட்டு, சூடா ஒரு கரண்டி வாயில போட்டாத்தான் அது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. ரோட்டோரக் கடையில டப்பா வாங்குறதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்?

இன்னொரு குரூப், "எல்லாம் கூகுள்ல இருக்கே". இருக்கு. கிளி படம் இருக்கு, கோபுர உயரம் இருக்கு. எதிர்ல நிக்கிற அந்தம்மாவுக்கு எதைக் காட்டினா கண்ணு விரியும்னு தெரிஞ்சு டம்ளர்ல தண்ணி வாங்குற புத்தி கூகுள்ல இல்லை.

மூணாவது தான் நியாயமான கேள்வி. "கைடுன்னாலே கமிஷன் பார்ட்டி, கடைக்குத்தான் கூட்டிட்டுப் போவான்." ஒத்துக்கிறேன். எங்க ஆளுங்களையும் ஒரு நாய்ப் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போயி, குட்டியைக் கையில குடுத்து விலை சொல்லியிருக்காங்க. புனேயில ரெண்டு ரூம் ஃபிளாட்ல இருக்கிறவருக்கு பன்னி வேட்டைக்கு ஓடின ஜாதி நாய்! 2005-ல இந்திய தபால் துறை ஸ்டாம்ப் போட்ட நாய் அது, சும்மா இல்லை. வெள்ளை வெளேர்னு உடம்பும் ரோஸ் மூக்கும் தான் அதோட அழகு. ஆனா அந்த வெள்ளையோடவே சில குட்டிங்களுக்கு காது கேக்காமப் போற குறையும் வரும், வாங்கறதுக்கு முன்னாடி குட்டிக்குப் பின்னாடி நின்னு கை தட்டிப் பார்க்கணும். இதைச் சொல்ற கைடுக்கு பண்ணையில கமிஷன் கிடைக்காது. அப்போ அவருக்கு காசு எங்கேருந்து வரணும்? நம்மகிட்டேருந்து தான். நாம குடுக்காத கூலியைத் தான் கடைக்காரன் குடுக்குறான். கமிஷன் வேண்டாம்னா சம்பளம் குடு. இது புரிய எஞ்சினியரிங் டிகிரி எல்லாம் வேண்டாம்.

காடு விஷயத்துல தான் எனக்கு பயமே. செண்பகத்தோப்புப் பக்கம் இருக்கிற காடு சாம்பல் நிற மலை அணிலுக்காகவே 1988-ல சரணாலயம் ஆனது. 2021-லேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். அந்த அணில் தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் மட்டும் தான் இருக்கு. மரத்து உச்சியிலயே வாழுறது, கிளையோட கிளை கோத்திருந்தாத்தான் மரம் விட்டு மரம் போகும். விடியக்காலையில மரத்துக்கு அடியில வாயை மூடிக்கிட்டு அண்ணாந்து நின்னா அதிர்ஷ்டம் இருந்தா பார்க்கலாம். எங்க டூர் போனது மத்தியானம் ஒண்ணரைக்கு. "அணில் எங்கே"ன்னு கேட்டதுக்கு, சுவர் மேல ஓடின மூணு கோட்டு அணிலைக் காட்டியிருக்காங்க. அவ்வ்வ்வ்.

அதாவது சிரிச்சுட்டுப் போயிடலாம். "ஆளே இல்லாத அருவிக்கு கூட்டிட்டுப் போறேன்"னு சொல்ற ஆளுங்க தான் டேஞ்சர். மலையில மழை பெஞ்சா கீழ வெயில் அடிக்கிறப்பவே ஆத்துல வெள்ளம் வரும். அய்யனார் கோயில் ஆத்துல அக்கரையில மாட்டிக்கிட்டவங்க உண்டு. வத்திராயிருப்புப் பக்கம் சதுரகிரியில 2015 மே மாசம் திடீர் வெள்ளம் பக்தர்கள் உயிரையே குடிச்சுது. எட்டு இடம் எழுதின லிஸ்டைக் கையில வச்சிருக்கிறவனால "இன்னிக்கு ஆத்துப்பக்கம் வேண்டாம்"னு சொல்ல முடியாது. சொன்னா லிஸ்ட்ல ஒண்ணு குறையும், காசுல பிடிப்போம். அல்பேனியாக்காரர் "முடியாது"ன்னு சொன்னாரே, அந்த தைரியம் அவருக்கு எங்கேருந்து வந்துச்சு? பீச்சுக்குப் போகலைன்னாலும் அவரோட கூலி குறையாதுங்கிறதால வந்துச்சு. இங்க அந்த மலையையே வீடா வச்சிருக்கிற பளியர்கள் இருக்காங்க. எந்த மரத்துல அணில் கூடு கட்டியிருக்கு, எந்த மேகம் மழையாகும்னு அவங்களுக்குத் தெரியும். வனத்துறை அனுமதிச்ச பாதையில, அவங்களுக்கு மரியாதையா ஒரு நாள் சம்பளம் குடுத்து கூட நடக்கிறதுக்கு எந்த டூர் லிஸ்ட்ல இடம் இருக்கு?

சித்தப்பா கதையை முடிக்கலையே. மத்தியானம் வீட்டுக்குத் திரும்புற வழியில தோப்புல நிறுத்தி சப்பட்டை மாம்பழம் வாங்கிக் குடுத்தார், தன் காசுல. மொத்தம் அரை நாள், ரெண்டு ஊர், ஒரு மாம்பழம். புனேக்காரர் இறங்குறப்போ ஒரு கவரை நீட்டினார். சித்தப்பா பதறிட்டார். "ச்சே ச்சே, விருந்தாளிகிட்ட காசு வாங்குறதா? என்ன தம்பி நீயும் பார்த்துக்கிட்டிருக்க?"

நானும் வழக்கம் போல "அதெல்லாம் வாங்க மாட்டாருங்க"ன்னு பெருமையா சொல்லி கவரைத் திருப்பிட்டேன். அப்புறம் தான் உறைச்சுது. நாப்பது வருஷம் தறியோட மல்லுக்கட்டி அந்த மனுசன் சேர்த்த அறிவை இலவசம்னு அறிவிச்சது நான். டிரைவர் அண்ணன் பில்லுல விட்டுப்போன அதே வரி. சித்தப்பாவுக்குப் பென்ஷன் கிடையாது. தறியை வித்து அஞ்சாறு வருஷம் ஆச்சு. அவர் வாங்க மாட்டார்ங்கிறது அவரோட பெருந்தன்மை. அதை நான் வசதியா எடுத்துக்கிறதுக்கு என்ன பேரு வைக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க.

அடுத்த மாசம் பெங்களூர்லேர்ந்து இன்னொரு நண்பர் குடும்பத்தோட வர்றார். டிராவல்ஸுக்குப் பண்ணலை, நேரா அந்த டிரைவர் அண்ணனுக்கே போன் போட்டேன். மூணு இடம் தான், கிலோமீட்டர் கணக்கு தனி, பேட்டா தனி, பேசுறதுக்கு தனி. கூட ஒரு பெரியவர் வருவார், அவருக்கும் ஒரு நாள் கூலி உண்டு, அதை அவர் கையில குடுக்காம சித்தி கையில குடுத்துடணும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தம்பி, கிண்டல் பண்றீங்களா?"ன்னார். இல்லைன்னு சத்தியம் பண்ணினேன். "அப்போ கிளி செய்றவங்ககிட்ட ஒரு நாள் போய் உட்கார்ந்து கேட்டு வைக்கிறேன். அணில் பார்க்கணும்னா காலையில அஞ்சரைக்கே கிளம்பணும், சொல்லிட்டேன்"னார்.

அஞ்சரைக்கு நான் எந்திரிப்பேனான்னு தான் தெரியலை.